கீறல் என்று ஒரு கட்டம்

முப்பத்தொரு வயதில் ஓய்வு பெறுகிறவர்கள் உதைபந்தாட்டக்காரர்கள், பாலே ஆடுகிறவர்கள், பிறகு நான். டென்மார்க்கின் வைலே நகரில் பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் ஒரு கடையில் ஏழு வருடம் நிலை அறிக்கை எழுதினேன். விற்பனைக்கு வரும் கருவியின் உடம்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, யார் எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதுகிற வேலை. வைத்தியரின் குறிப்புக்கும் பொலிஸ் முறைப்பாட்டுக்கும் நடுவில் ஒன்று. போன வெள்ளிக்கிழமை மேசை முழுக்கச் சின்னச் சின்ன டெனிஷ் கொடிகளை நட்டு, கேக் வெட்டி என்னை வழியனுப்பினார்கள். அடுத்த மாதம் ஓடென்ஸில் செவிப்புலன் பற்றிய படிப்பு தொடங்குகிறேன். "இது எத்தினையாவது படிப்பு?" என்று அம்மா கேட்டார். எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கேக் வாயில் இருக்கும்போதுதான் புதிதாகச் சேர்ந்த மத்தியாஸும் சோபியும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். படிவத்தில் 'கீறல்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது என்ன மொழி, அதில் என்ன எழுதவேண்டும்? இனிமேல் விற்பவரே கைத்தொலைபேசியில் படம் எடுத்து அனுப்ப, கணினி படிவத்தை நிரப்பப்போகிறது. அந்த மென்பொருளைச் செய்கிறவர்கள் "இந்தச் சொல் அகராதியில் இல்லை, அழித்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்களாம். அழிக்கக்கூடாது! ஏன் என்று அவர்களுக்கு டெனிஷில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் இந்தக் கதையில் பாதி தமிழில் நடந்தது, அந்தப் பாதி டெனிஷில் நிற்கமாட்டேன் என்கிறது. அதனால் இது.

என் பயிற்சிக் காலத்தைச் சொல்ல அதிக நேரம் தேவையில்லை. ஓகுஸில் இசை படித்தேன், விட்டேன். மின்சார வேலை படித்தேன், ஆறு மாதத்தில் விட்டேன். கிற்றார் செய்யப் பழக்கும் பள்ளியில் ஒரு வருடம் இருந்து ஒன்றேகால் கிற்றார் செய்தேன். அந்தக் கால் கிற்றார் இன்னும் ரண்டர்ஸில் அப்பாவின் கராஜில் கிடக்கிறது. பிறகு லிஸ்பெத்திடம் வந்தேன்.

லிஸ்பெத் பட்டறைக்குப் பொறுப்பானவர். கம்புரொட்டியை நின்றபடியே சாப்பிடுவார், பச்சைப் பென்சிலால் திருத்துவார், எதற்கும் முதலில் "நோ" என்பார். அது ஆங்கில 'நோ' இல்லை, டெனிஷ்காரரின் 'நோ'. 'அப்படியா', 'சரி', 'வந்துவிட்டாயா', 'இதை நான் எதிர்பார்த்தேன்' என்று அதற்கு ஏழு பொருளாவது உண்டு. ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் காரில் சொன்னார்: "பாவம், உன்ரை முதலாளி எல்லாத்துக்கும் மாட்டன் மாட்டன் எண்டுறா, நீ எப்பிடிச் சமாளிக்கிறாய்?"

லிஸ்பெத்தின் முதல் விதி: ஒரு கருவி மேசைக்கு வந்தால் மூன்று நிமிடம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். தொடக்கூடாது. பார்க்கலாம், மணக்கலாம். குறிப்பாகப் பெட்டியைத் திறந்த முதல் மூச்சைத் தவறவிடக்கூடாது. ஈரம், சிகரெட், பூஞ்சணம், பழைய செலுலொயிட் அழுகும்போது வரும் காடித்தன்மையான மணம் எல்லாம் அந்த ஒரு மூச்சில்தான் இருக்கும். அடுத்து, கழுத்தைத் துப்பாக்கி போலக் கண்ணுக்கு நேரே பிடித்து, நேராக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு துடைப்பங்கள் வைக்கிற அறைக்குள் போய்க் கதவை மூடி ஊதா விளக்கைப் போட்டால், பழைய அரக்குப்பூச்சு மஞ்சள் பச்சையாக ஒளிரும், பிறகு பூசினது கறுப்பாகத் தெரியும். நான் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் கூத்தாடிக்கொண்டுதான் போவேன். பல்வைத்தியர் பாவிக்கும் கண்ணாடியை உள்ளே விட்டு வயிற்றைப் பார்ப்பது அதற்குப் பிறகு. கடைசியாக விரல் மொழியால் மேல்பலகையைத் தட்டிக் கேட்பது.

இரண்டாவது விதி எனக்கு உயிர் போகிற விதி. பெயரடை கூடாது! என் முதல் அறிக்கையில் 'அழகான' என்று நான்கு இடத்தில் எழுதியிருந்தேன். நான்கிலும் பச்சைக் கோடு. 'கிட்டத்தட்ட', 'கொஞ்சம்', இரண்டும் போயின. கடைசியில் மிஞ்சினது மரத்தின் பெயரும் மூன்று அளவுகளும் என் கையெழுத்தும். "இப்போது இது அறிக்கை" என்றார் லிஸ்பெத். நான் கழிப்பறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அந்த வருடமே இன்னொன்று. ஒரு கிற்றாரைத் தட்டிக் கேட்டேன், உள்ளே 'ட்ஸிங்' என்றது. தட்டும் இடமெல்லாம் 'ட்ஸிங்'. பலகையின் அடியில் ஒட்டியிருக்கும் தாங்குகட்டை கழன்றுவிட்டது என்று எழுதினேன், உயர்சுரப் பக்கம் என்று இடமும் குறித்தேன், பெருமையில் காது சிவந்துவிட்டது. லிஸ்பெத் வந்து தட்டினார். சத்தமே இல்லை. என்னைத் தட்டச் சொன்னார். 'ட்ஸிங்'. அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பூப்புனித நீராட்டுக்கு என் மாமி ஒருவர் போட்ட இரண்டு தங்கக் காப்புகள்! பத்து வருடமாக அவை என்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கின்றன, எனக்குக் கேட்டதேயில்லை. அன்றிலிருந்து காப்புகள் மேசை லாச்சிக்குள். இதுவும் படிவத்தில் ஏறிவிட்டது: 'பரிசோதிப்பவர் நகைகளைக் கழற்றினார், ஆம் / இல்லை.'

இனிக் கீறல்.

ஒருநாள் கடைத் தொலைபேசியை எடுத்தேன். டெனிஷில் தயங்கித் தொடங்கிய குரல், என் பெயரைக் கேட்டதும் தமிழுக்குப் பாய்ந்தது.

"ஆரது, நீ எங்கடை சேவியரின்ரை மகளோ? நான் ரண்டர்ஸ் மரியதாஸ். கோயில்லை கிற்றார் அடிக்கிற மாமா."

எனக்கு நன்றாகத் தெரியும். தமிழ்ப் பூசையில் சின்ன வயதில் நான் பாடலைக் கேட்டதேயில்லை, அந்தக் கிற்றாரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆர்ச்டாப் என்பார்கள். வயலின் போல வயிறு புடைத்தது, நடுவில் வட்டத் துளை கிடையாது, இரு பக்கமும் எஃப் எழுத்தைப் போல இரண்டு வெட்டு. ஜெர்மனியில், போருக்குப் பிறகு, வயலின் செய்கிறவர்கள் கையால் குடைந்து செய்தது. டெனிஷ் நடன இசைக் குழு ஒன்று கலைந்தபோது, அதில் வாசித்தவரிடம் மாமா வாங்கியிருந்தார்.

"விக்கப்போறன் பிள்ளை" என்றார். இறைச்சித் தொழிற்சாலையின் குளிர் அறையில் இருபத்தேழு வருடம் கத்தி பிடித்ததில் இடக்கையின் இரண்டு விரல்கள் மடியமாட்டேன் என்கின்றன. "ஆனா ஒண்டு. சுவரிலை கொழுவிற ஆளுக்குக் குடுக்காதை. வாசிக்கிற ஆளெண்டால் மட்டும். மற்றது, கீறல் விட்டிருக்கு. அதை ஒளிக்காமல் எழுது."

"ஓம் மாமா, எழுதிறன்."

எங்கள் படிவத்தின் முதல் வரி 'உரிமையாளர் சொன்னது'. கருவியைப் பார்க்கும் முன்பே, சொன்னபடியே எழுதவேண்டும். நான் 'ரிஸ' என்று எழுதினேன். டெனிஷில் ரிஸ என்றால் மேற்பூச்சில் விழுகிற கோடு. என் தமிழில் கீறல் என்பது பூனை கையில் போடுவது. அது தவிர, கீறல் 'விடும்' என்றும் ஒன்று உண்டு, பானை விடும், சுவர் விடும், பலகை விடும், அது வெடிப்பு என்பது எனக்கு அப்போது தெரியாது. வெடிப்புக்கு டெனிஷில் 'ரெவ்ன'. ரிஸவுக்கும் ரெவ்னவுக்கும் நடுவில்தான் ஒரு பழைய கிற்றாரின் உயிர் இருக்கிறது.

கிற்றார் வந்தது. மூன்று நிமிடம் கை கட்டி நின்றேன், உள்ளே குதித்துக்கொண்டு. பெட்டியில் மெழுகுதிரி மணம். கழுத்து நேர். ஊதா விளக்கில் முழு உடம்பும் ஒரே பச்சை. பின்பலகையில், இடுப்புப்பட்டி கொழுக்கி உரசிய மூன்று கோடுகள். இதோ கீறல்! மாமா சொன்னது சரி! கண்ணாடியைத் தாழ்சுரப் பக்கத்து எஃப் வெட்டால் விட்டுப் பார்த்தேன், சுத்தம். உள்ளே கிடந்த ஒரு சிவப்பு ரப்பர்த் துண்டைக் குறட்டால் எடுத்து 'அந்நியப் பொருள், சிவப்பு ரப்பர், காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன். மற்றப் பக்கத்து வெட்டின்மேல் வாசிப்பவரின் நகம் படாமல் இருக்கும் செலுலொயிட் தகடு நின்றது. திருகாணி துருப்பிடித்திருந்தது, முறுக்கினால் தகடு உடையலாம். 'தகடு கழற்றப்படவில்லை' என்று எழுதினேன். அது விதிப்படி சரி. ஆனால் அந்தப் பக்கத்தால் கண்ணாடியை விட்டிருக்கலாம். விடவில்லை. கீறலைத்தான் கண்டுபிடித்துவிட்டேனே, இனி எதைத் தேட? 'வெடிப்பு எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். லிஸ்பெத் படித்தார். "நோ" என்றார். நல்ல நோ.

மூன்று பேர் வாங்கக் கேட்டார்கள். ஓகுஸில் ஓர் உணவகம், சுவருக்கு. ஒருவர் கண்ணாடி அலுமாரிக்கு. மூன்றாமவர் கோபன்ஹேகனில் இருந்து ஹென்ரிக், எழுபது வயது, ஐந்து பேர் கொண்ட நடன இசைக் குழுவில் வாசிப்பவர். முதல் இருவருக்கும் இல்லை என்றோம். ஹென்ரிக் சனிக்கிழமை காலை ரயிலில் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. மாமா தன் கையாலேயே கொடுக்கவேண்டும் என்று மனைவி பிலோமினா மாமியோடு ரண்டர்ஸில் இருந்து காரில் வந்துவிட்டார். மாமியின் கையில் ஒரு பெரிய டப்பா நிறைய மீன் ரோல்ஸ்.

லிஸ்பெத் முதல் ரோலைக் கடித்துக்கொண்டிருந்தார். மாமா என்னிடம் குனிந்து கேட்டார்.

"கீறலைப் பற்றி அந்தாளுக்குச் சொன்னனியோ?"

"ஓம் மாமா. பின்பக்கம், பெல்ட் உரசினது. மூண்டு கோடு."

"பின்பக்கமோ? அது ஆர் கேட்டது? மேல்பலகை, பிள்ளை! தகட்டுக்குக் கீழை! இவ்வளவு நீளம் கீறல் விட்டிருக்கு." இரண்டு கைகளையும் ஒரு நல்ல மீனின் நீளத்துக்கு விரித்தார்.

நான் லிஸ்பெத்துக்கு மொழிபெயர்த்தேன். என் வாயால் அந்தச் சொல் வந்தது: ரெவ்ன.

லிஸ்பெத் ரோலை வைத்தார். கையைத் துடைத்தார். திட்டவில்லை, கண்ணாடியையும் சின்ன விளக்கையும் எடுத்து உயர்சுரப் பக்கத்து வெட்டுக்குள், தகட்டின் ஓரமாகச் சாய்த்து விட்டார். நீண்ட நேரம் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பயந்து போனேன். சிரிக்கிறார்!

"இங்கே எழுத்து இருக்கிறது" என்றார். "ஸ்ட்ரோபெரி."

நானும் பார்த்தேன். பலகையின் அடிப்பக்கத்தில், வெடிப்புக்குக் குறுக்கே ஏணிப்படி மாதிரி ஒட்டின ஐந்து தட்டையான மரத்துண்டுகள். ஐந்தும் ஐஸ்பழக் குச்சிகள்.

"ஒட்டினது ஆர் மாமா?"

"நான்தான். ஒரு குளிர்காலம் ஹீட்டருக்குப் பக்கத்திலை வைச்சிட்டன், பட்டெண்டு விட்டிட்டுது. திருத்தக் குடுக்கிற அளவுக்கு அப்ப வசதி இல்லை. பிள்ளையள் திண்ட குச்சியளைக் கழுவி, பசை பூசி, உடுப்புக் கொழுவிற கம்பியாலை உள்ளை தள்ளினன்."

"தள்ளினாப் போதுமோ, பசை காயுமட்டும் ஆர் பிடிச்சது?" என்று லிஸ்பெத் கேட்டதை நான் தமிழில் கேட்டேன்.

மாமி முந்திக்கொண்டார். "பலூன்! அண்டைக்குத்தான் மூத்தவளின்ரை பிறந்தநாள். சிவத்தப் பலூனொண்டை இதுக்குள்ளை விட்டு ஊதி வைச்சிட்டார். அவள் விடிய விடிய அழுதது எனக்கெல்லோ தெரியும்! இவர் கிற்றாருக்கு மண்டையிடி எண்டு தடவிக்கொண்டு இருந்தவர்."

"பலூன்" என்று லிஸ்பெத்துக்குச் சொன்னேன். அவர் மெல்லத் திரும்பி, என் அறிக்கையில் 'சிவப்பு ரப்பர், காரணம் தெரியவில்லை' என்ற வரியின்மேல் பச்சைப் பென்சிலை வைத்தார். அந்த நொடி எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே குழாயால் வந்தன.

ஆனால் ஹென்ரிக் ரயிலில் இருந்தார், 'வெடிப்பு எதுவும் இல்லை' என்ற என் கையெழுத்தோடு.

"வரட்டும், வந்த பிறகு காட்டுவோமே" என்றேன்.

"இல்லை" என்றார் லிஸ்பெத். "ரயிலில் இருக்கிறவர் இறங்கித் திரும்பிப் போகலாம். இவ்வளவு தூரம் வந்து நிற்கிறவருக்கு வெட்கமாக இருக்கும், வாங்கிவிடுவார். இப்போதே எடு."

மாமிக்கு விளங்கிவிட்டது. "முப்பது வரியமாய் ஒட்டினது ஒட்டினபடி கிடக்கு, இப்ப ஏன் அந்தாளைக் குழப்புறியள்? பிறகு கடைக்காரன்ரை சுவரிலைதான் தொங்கும்."

மாமா கிற்றாரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வேறு வாசிக்கிற ஆள் கிடையாது என்பது அவருக்கும் தெரியும். "உன்ரை முதலாளி சொல்லுறதுதான் சரி" என்றார். "எடு பிள்ளை போனை."

எடுத்தேன். "ஹென்ரிக், மன்னிக்கவேண்டும். என் அறிக்கையில் பிழை. அது ரிஸ இல்லை. மேல்பலகையில் ரெவ்ன இருக்கிறது, முப்பது வருடத்துக்கு முன்பு..." என்றேன். "ரெவ்னவா?" என்றது மறுமுனை. அவ்வளவுதான், தொடர்பு அறுந்துவிட்டது. ரயில் கடலுக்கு அடியிலான சுரங்கத்துக்குள் போயிருக்கவேண்டும். திரும்ப எடுத்தேன். இல்லை. சுரங்கம் தாண்டுகிற நேரம் பார்த்து எடுத்தேன். கைத்தொலைபேசியை நிறுத்தியே விட்டிருந்தார்.

"துலைஞ்சுது" என்றார் மாமி. "ஓடென்ஸிலை இறங்கித் திரும்பிடுவான்."

வைலேக்கு ரயில் வர இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் புதிய அறிக்கை எழுதினோம். நான் எழுதியதிலேயே மிக நல்லது அது. (பெயரடை! இப்போது என்ன செய்வார்கள்?) மாமாவைக் கிற்றாருக்கு முன்னால் நிறுத்தி, சொல்ல விடாமல், ஒவ்வொரு குறையிலும் விரலை வைக்கச் சொன்னேன். அவர் விரல் வைத்த இடத்தை நான் அளந்தேன். லிஸ்பெத் ஒரு வெறுங்கட்டம் வரைந்து, "அந்தத் தமிழ்ச் சொல்லை இதன்மேல் எழுது" என்றார். எழுதினேன். அதுதான் நீங்கள் கேட்ட கட்டம், மத்தியாஸ், சோபி: உரிமையாளர் விரல் வைத்த இடம். அதில் வேறு எதுவும் எழுதவேண்டாம்.

பிறகு நானும் மாமாவும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். ரயில் வந்தது. இளைஞர்கள் இறங்கினார்கள், சைக்கிள்கள் இறங்கின, ஒரு நாய் இறங்கியது. கதவுகள் மூடின. மாமா தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டார். "சரி பிள்ளை, போவம்" என்றார். நாங்கள் படியருகே போன பிறகுதான் பின்னால் யாரோ மூச்சு வாங்க என் பெயரைக் கூப்பிட்டார்கள். கடைசிப் பெட்டியில் இருந்து நடந்து வந்திருக்கிறார்.

"பேசக்கூடாத அமைதிப் பெட்டியில் இடம் பிடித்துவிட்டேன்!" என்றார் ஹென்ரிக். "நான் 'ரெவ்னவா' என்று கத்தினதும் ஒரு பெண்மணி அறிவிப்புப் பலகையைச் சுட்டிக் காட்டினார். வெட்கத்தில் தொலைபேசியை நிறுத்திவிட்டேன். எங்கே அந்த ரெவ்ன?"

"என்னவாம்?" என்றார் மாமா.

"எங்கையாம் கீறல்."

"அப்பிடிக் கேக்கிறவன் வாசிக்கிறவன்தான்" என்றார் மாமா.

பட்டறையில் லிஸ்பெத் புதிய அறிக்கையை முதலில் இருந்து கடைசிவரை சத்தமாக வாசித்தார். 'ஐஸ்பழக் குச்சி, ஐந்து' என்ற இடத்தில்கூட முகம் மாறவில்லை. ஹென்ரிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார், ஸ்ட்ரோபெரியைப் பார்த்தார், கிற்றாரைத் தொடையில் வைத்தார். வாசித்தார். ஐயோ! நான் பெயரடை பாவிக்கப்போவதில்லை. மாமி ரோல்ஸ் டப்பாவின் மூடியைச் சத்தம் வராமல் மேசையில் வைத்தார், அதை மட்டும் சொல்கிறேன்.

"வாங்குகிறேன். குச்சிகளை யாரும் தொடக்கூடாது" என்றார் ஹென்ரிக்.

மாமா தலையாட்டினார். பிறகு என் கையைப் பிடித்தார். "ஒண்டு சொல்லு. வாசிச்சு முடிஞ்சு பெட்டியிலை வைக்கேக்கை ரெண்டாம் கம்பியைக் கொஞ்சம் இளக்கி வைக்கோணும். அதுதான் அந்தக் கீறலுக்கு மேலாலை இழுக்கிறது."

'கொஞ்சம்', லிஸ்பெத்தின் பச்சைக் கோடு விழுந்த சொல். "கொஞ்சமெண்டால் எவ்வளவு மாமா?"

அவர் முறுக்காணியைப் பிடிக்கப் போனார். விரல்கள் மடியவில்லை. ஹென்ரிக் அதைக் கண்டார். கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு, கிற்றாரை இரண்டு பேரின் தொடைகளிலும் படுக்க வைத்து, முறுக்காணியில் தன் விரல்களை வைத்தார். மாமா அந்த விரல்களின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, காதைக் கிற்றாரின் வயிற்றில் சாய்த்தார். ஹென்ரிக் மற்றக் கையால் கம்பியைச் சுண்டினார். இளக்கினார்கள். சுண்டினார். இன்னும் ஒரு மயிரிழை. சுண்டினார்.

"அந்தளவு! காணும்!" என்றார் மாமா.

"டேர்!" என்றார் ஹென்ரிக், அதே மூச்சில், டெனிஷில் 'அங்கேதான்'.

லிஸ்பெத் என்னைப் பார்த்தார், மாமா என்ன சொன்னார் என்று. நான் மொழிபெயர்க்க முன்பே இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டிருந்தார்கள்.